புகைக்கறை மிகை

பகலில் பல் செய்கிறேன்.
ஸ்ரான்லி வீதி, மாடி, காற்றாடி மட்டும் உள்ள அறை.
ஆறு மணிக்குப் பிறகு அதே மேசையில்
கார்.

அச்சிலிருந்து கழன்று வந்த நாளில்
ஒஸ்ரின் கேம்பிரிஜ் பல்முரசின் நிறத்தில் இருந்தது.
பொய்ப்பல்லுக்கு வாங்கிய பிசின்தான், வேறென்ன.
ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவு,
இருபத்துநாலில் ஒரு பங்கு.
முன்கிறில்லை வளைத்துப் பொருத்தியபோது
கை தன்பாட்டில்
கடைவாய்ப் பல்லைத் தேடியது.

மூலம் குருநகரில் நிற்கிறது, தறப்பாளுக்குக் கீழே.
மரியநாயகத்தின் ஹயர் கார்.
அளக்கப் போன ஞாயிறு, என் கவராயத்தைப் பார்த்து
"காரையும் வாயைத் திறக்கச் சொல்லப்போறீரோ, பிள்ளை?" என்றார்.
பொனற்றைத் திறந்தார்.

காபரேற்றருக்குப் பக்கத்தில்
கம்பியால் வரிந்த ஒரு சேலைன் போத்தல்.
அதற்குள் பெற்றோல், சொட்டுச் சொட்டாய்,
எஞ்சின் கண் விழிக்கும் வரைக்கும்.
பிறகு மண்ணெண்ணெய்.
தடை இருந்த வருசங்களில் அந்தக் கார்
மருந்து ஏறித்தான் காலையில் எழும்பியது.

போத்தலை ஊசி மூடியொன்றை இளக்கி இழுத்தேன்.
குழாய்க்குத் தங்கூசி, அவருடைய மகனின் வலையிலிருந்து.
மேலே மூன்று பூச்சு, சாம்பல் நிறம்.

புகைதான் வரவில்லை.
மூன்று கடைகளில் கறுப்புப் பெயின்ற் வாங்கினேன்.
எல்லாம் கறுப்பு. ஒன்றும் கரி இல்லை.
கடைசியில் ஜாம் போத்தலில் திரி போட்டு
மண்ணெண்ணெய் விளக்கேற்றி
ஓட்டுத் துண்டொன்றை மேலே பிடித்தேன்.
அறை முழுக்க அந்த மணம்.
கீழ்க் கடைக்காரி ஏறி ஓடி வந்து
"கறண்ட் இருக்குத்தானே?" என்று
சுவிச்சைத் தட்டித் தட்டிப் பார்த்தாள்.

தூரிகையால் ஒற்றி எடுத்து
சைலன்சர் வாயில், பின் பம்பரில், டிக்கி விளிம்பில்.
கதவு, கைபிடி, வைப்பர் எல்லாம்
ஒன்றுக்கு இருபத்துநாலு.
கரி மட்டும் சுருங்கவில்லை.
அது ஒன்றுக்கு ஒன்று.

போட்டி கொழும்பில், பம்பலப்பிட்டியில்.
இரவு பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனேன்,
ஒவ்வொரு குழிக்கும் முழங்காலைத் தூக்கிக் கொடுத்தபடி.
நடுவருக்கு முப்பது வயதிருக்கும். நல்ல பெடியன்,
கையுறை போட்டுத்தான் தொட்டான்.
சீட்டில் இருந்தது:
புகைக்கறை மிகை. இந்த எஞ்சின் இவ்வளவு கக்காது.
பொனற்றுக்குள் கம்பனி வைக்காத போத்தல்.
உழைப்பு பாராட்டத்தக்கது.

முதற்பரிசு ஒரு சிவப்பு ஃபெராரிக்கு.
அதில் தூசிகூட இல்லை.

சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது.
எங்கிருந்து தொடங்குவது, பெற்றோலிலிருந்தா,
பெற்றோல் இல்லாததிலிருந்தா?
யோசித்து முடிக்குமுன்
கதிரைகளை அடுக்கத் தொடங்கிவிட்டார்கள்.

திங்கட்கிழமை மரியநாயகம் வந்தார்,
போன மாதம் அளவெடுத்த கீழ்ப்பல் தேடி.
காரைக் கண்டார். சீட்டைப் படித்துக் காட்டச் சொன்னார்.
மூக்கைக் கொண்டுபோய் டிக்கியில் வைத்தார்.
நிமிர்ந்தார்.
திரும்பவும் வைத்தார்.
பிறகு நகத்தால் பொனற்றை நெம்பி,
ஒரு கண்ணை மூடி:

"போத்தில் மற்றப் பக்கம், பிள்ளை."

போனில் படத்தைத் தேடினேன். மற்றப் பக்கம்தான்.
எதிரே திறந்திருக்கும் வாயின் வலம் எனக்கு இடம்;
இருபது வருசப் பழக்கம்
காருக்குள்ளும் புகுந்துவிட்டது.
கையுறைக்காரன் காணாத பிழை.

குறட்டை எடுத்தேன். பசை இறுகியிருந்தது.
போத்தல் கழன்றது, கூடவே மூன்று பூச்சும்.
அந்த இடத்தில் முரசு, ஈரமில்லாத சிவப்பாய்.

"அது கிடக்கட்டும்," என்றார்,
சொற்கள் பிடிமானமின்றி வழுக்க,
"என்ரை கீழ்ப்பல் எப்ப?"